ஏமாந்தவருக்கு நபி (ஸல்) அவர்கள் கொடுத்த சொல்

எல்லாப் புகழும் அகிலத்தாரின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும் என்றென்றும் உண்டாவதாக.

 

அடி அண்ணாமலையில் இந்த ஜும்ஆவில் பேசியதை எழுத்தில் தருகிறேன். மிம்பரில் நேரம் போதாமல் விட்டவற்றையும் சேர்த்திருக்கிறேன். முதலில் உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் வீட்டில் இருக்கும் வயதான தாய் அல்லது தந்தையிடம் யாரோ போனில் பேசிப் பணத்தை எடுத்துவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் முதலில் உங்களிடம் வந்து சொல்வார்களா, இல்லை உங்களுக்குத் தெரியக் கூடாது என்று மறைப்பார்களா?

அவசரமாகப் பதில் சொல்ல வேண்டாம். என் அம்மா பதினோரு நாள் மறைத்தார்கள்.

என் வீட்டில் நடந்தது

அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. வந்தவாசிப் பக்கம் ஒரு கிராமத்தில் என் தம்பியோடு இருக்கிறார்கள். தங்கை சவூதியில் இருக்கிறாள். அவள் முகத்தைப் பார்த்துப் பேசட்டும் என்றுதான் அம்மாவுக்குப் பெரிய போன் வாங்கிக் கொடுத்தோம். ஒருநாள் காலை பத்து மணிக்கு ஒருவன் கூப்பிட்டான். நல்ல தமிழ், மரியாதையான பேச்சு. "பேங்க்லேர்ந்து பேசறேம்மா. ஆதார் இணைக்கலை. இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள கணக்கு முடங்கிடும்" என்றான். போனுக்கு ஒரு நம்பர் வரும், அதைச் சொல்லுங்கள் என்றான். அம்மா சொன்னார்கள். குர்பானிக் கூட்டுக்கும் பேத்தியின் கம்மலுக்கும் சேர்த்து வைத்திருந்த 18,400 ரூபாய் போயிற்று.

பதினோராவது நாள், "இந்த வருஷம் குர்பானியில என்னைச் சேர்க்காதே" என்று தம்பியிடம் சொன்னபோதுதான் விஷயம் வெளியே வந்தது. நான் ஊருக்குப் போனேன். போய் என்ன செய்தேன் தெரியுமா? "யார் கேட்டாலும் நம்பரைச் சொல்லிடுவீங்களா?" என்று சத்தம் போட்டேன். பெரிய போனை எடுத்துக்கொண்டு ஒரு பட்டன் போனைக் கையில் கொடுத்தேன். அம்மாவைப் பாதுகாத்துவிட்டோம் என்ற திருப்தியோடு திரும்பினேன்.

பதினைந்து நாள் கழித்து சவூதியிலிருந்து தங்கை அழுதுகொண்டே பேசினாள். "அம்மா முகத்தைப் பார்த்துப் பதினைஞ்சு நாளாச்சு, அண்ணா." நான் அம்மாவைக் கூப்பிட்டேன். ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன். "உனக்குத் தெரிஞ்சா சத்தம் போடுவேன்னுதான்ப்பா" என்றார்கள்.

அவர்கள் பயந்தபடியே நான் சத்தம் போட்டிருந்தேன். 1930 என்ற எண்ணுக்கு அன்றே புகார் போயிருந்தால் ஒருவேளை பணம் நின்றிருக்கும். பதினோரு நாள் கழித்துச் சொன்னதால் ஒரு ரூபாயும் திரும்பவில்லை. அந்தப் பதினோரு நாளைத் திருடியவன் போனில் பேசியவன் இல்லை. என் கோபம்தான் திருடியது.

இதை ஏன் மிம்பரில் சொன்னேன் என்றால், இந்த விஷயத்துக்கென்றே ஒரு ஹதீஸ் இருக்கிறது. அரபுக் கல்லூரியில் அதை ஓதியிருக்கிறேன், பிறகு பிள்ளைகளுக்கு ஓதியும் கொடுத்திருக்கிறேன். என் வீட்டுக்குத் தேவைப்பட்டபோது அது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

அன்சாரித் தோழர் ஒருவரின் கதை

மதீனாவில் ஹப்பான் பின் முன்கித் (ரலி) என்ற அன்சாரித் தோழர் இருந்தார்கள். சில அறிவிப்புகளில் இந்தச் சம்பவம் அவர்களின் தந்தை முன்கித் பின் அம்ர் (ரலி) அவர்களுடையது என்று வருகிறது. தலையில் பட்ட பெரும் காயத்தால் அவருடைய பேச்சும் நிதானமும் தளர்ந்திருந்தன. ஆனாலும் கடைவீதிக்குப் போவதை அவர் விடவில்லை. போகிற இடத்திலெல்லாம் ஏமாந்து வந்தார்.

அனஸ் (ரலி) அவர்கள் அறிவிப்பதாக அபூதாவூதிலும் திர்மிதியிலும் வரும் செய்தி இது. அவருடைய குடும்பத்தார் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, புத்தி பலவீனமாக இருக்கும் நிலையிலும் இவர் வாங்கி விற்கிறார், இவர் மீது தடை போடுங்கள் என்று கேட்டார்கள். ஃபிக்ஹில் இதற்கு 'ஹஜ்ர்' என்று பெயர். ஒருவருடைய பொருளில் அவருடைய கையைக் கட்டிவைப்பது. நான் அம்மாவின் போனைப் பிடுங்கியதும் அதுதான்.

நபி (ஸல்) அவர்கள் அவரை அழைத்தார்கள். வியாபாரத்தை விட்டுவிடும்படி சொன்னார்கள். அவரோ, அதை விட்டுவிட்டு என்னால் இருக்க முடியவில்லையே என்றார். இந்த இடத்தில் நாமாக இருந்தால் என்ன சொல்லியிருப்போம்? "உன் நல்லதுக்குத்தானே சொல்றோம், பேசாம வீட்டில் இரு" என்றிருப்போம். நபி (ஸல்) அவர்கள் அப்படிச் சொல்லவில்லை. உன்னால் விட முடியாது என்றால், வாங்கும்போதும் விற்கும்போதும் 'லா கிலாபா' என்று சொல்லிவிடு என்றார்கள். இதில் ஏமாற்று கூடாது என்பது அதன் கருத்து. இந்தச் சொல் புகாரியிலும் முஸ்லிமிலும் இப்னு உமர் (ரலி) அவர்களின் அறிவிப்பாகவும் வருகிறது.

இப்னு மாஜாவின் அறிவிப்பில் இன்னொன்றும் சேர்ந்து வருகிறது. அவர் வாங்கும் ஒவ்வொரு பொருளிலும் மூன்று இரவுகள் அவருக்கு அவகாசம் உண்டு. பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் திருப்பிவிடலாம்.

ஹதீஸ் நூல்களில் இன்னும் ஒரு சிறு தகவல் இருக்கிறது. காயம்பட்டதால் அவருக்கு 'கிலாபா' என்று நாக்கு புரளவில்லை. 'கியாபா' என்றுதான் சொல்லுவாராம். சொல் உடைந்திருந்தாலும் சட்டம் செல்லுபடியானது. என் அம்மாவுக்கு ஓடிபி என்று வராது, 'ஓட்டிப்பி' என்பார்கள். அதைக் கேட்டுப் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிப்பதற்கு முன் இந்த ஹதீஸை நினைத்துக்கொள்ள வேண்டும்.

அவர் நீண்ட ஆயுள் பெற்று உஸ்மான் (ரலி) அவர்களின் காலம் வரை வாழ்ந்ததாக வரலாற்றில் வருகிறது. அப்போது மக்கள் பெருகிவிட்டார்கள், சந்தையில் பலருக்கு அவரைத் தெரியாது. ஏமாந்த பொருளை அவர் திருப்பிக் கொடுக்கப் போவார். அந்த நேரத்தில் நபித்தோழர் ஒருவர் வந்து, நபி (ஸல்) அவர்கள் இவருக்கு மூன்று நாள் அவகாசம் கொடுத்தார்கள் என்று சாட்சி சொல்வார். பணம் திரும்பக் கிடைக்கும்.

ஆக, அவருடைய வாயில் ஒரு சொல் இருந்தது. கையில் மூன்று நாள் இருந்தது. பக்கத்தில் ஒரு சாட்சி இருந்தார். யாரும் அவரைச் சந்தையிலிருந்து வெளியேற்றவில்லை.

மோசடிக்காரனுக்குத் தேவையான மூன்று

கண்ணியத்திற்குரியவர்களே! இன்றைய மோசடிகளை எடுத்துப் பாருங்கள். வங்கிக் கணக்கு முடங்கும் என்பான். மின்சாரம் இன்றிரவு துண்டிக்கப்படும் என்பான். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது என்பான். மகன் விபத்தில் சிக்கிவிட்டான் என்பான். கதை எதுவானாலும் அவனுக்கு மூன்று விஷயங்கள் வேண்டும்: பயம், அவசரம், இரகசியம். பயந்தால்தான் யோசிக்க மாட்டோம். அவசரப்பட்டால்தான் விசாரிக்க மாட்டோம். யாரிடமும் சொல்லாமல் இருந்தால்தான் அவன் கேட்டது கிடைக்கும்.

'டிஜிட்டல் அரெஸ்ட்' என்ற மோசடியில் இந்த மூன்றும் முழுமையாக இருக்கின்றன. வீடியோ அழைப்பில் ஒருவன் போலீஸ் உடையில் உட்கார்ந்திருப்பான். உங்களைக் கைது செய்திருக்கிறோம், கேமராவை அணைக்கக் கூடாது, யாரிடமும் பேசக் கூடாது என்பான். வர்தமான் ஜவுளிக் குழுமத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வாலுக்கு 2024-இல் 82 வயது. உச்ச நீதிமன்றம் போலவே ஒன்றைத் திரையில் ஜோடித்துக் காட்டி அவரிடம் 7 கோடி ரூபாயைப் பறித்தார்கள். ஆயிரக்கணக்கானோரை வேலைக்கு வைத்திருக்கும் பெரிய தொழிலதிபர் அவர். போலீஸில் புகார் கொடுத்தார், பத்திரிகைகளிடமும் தனக்கு நடந்ததை வெளிப்படையாகப் பேசினார். போன பணத்தில் 5 கோடிக்கும் மேல் மீட்கப்பட்டது.

2025-இல் ஹரியானாவின் அம்பாலாவைச் சேர்ந்த முதிய தம்பதியர் இதேபோல் ஒரு கோடி ரூபாய்க்கும் மேல் இழந்தார்கள். நீதிமன்ற உத்தரவு போலப் போலிக் காகிதங்களைக் காட்டி மிரட்டியிருந்தார்கள். அந்த மூதாட்டி உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். அந்த அக்டோபரில் நீதிமன்றம் தானாகவே முன்வந்து அதை வழக்காக எடுத்துக்கொண்டது. ஒரு மூதாட்டி வெட்கப்படாமல் வாய் திறந்தது நாடு முழுவதற்குமான விசாரணைக்கு வழி திறந்தது.

2024-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டு மக்கள் இணைய மோசடிகளில் இழந்தது 22,845 கோடி ரூபாய் என்று ஒன்றிய அரசு 2025 ஜூலையில் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. இது புகாராக வந்ததன் கணக்கு. என் அம்மாவைப் போல வாய்மூடி இருந்தவர்களின் பணம் எந்தக் கணக்கில் வரும்?

இப்போது ஹப்பான் (ரலி) அவர்களுக்குக் கிடைத்த மூன்றையும் இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சொல், பயத்தை உடைக்கிறது. மூன்று நாள், அவசரத்தை உடைக்கிறது. சாட்சி, இரகசியத்தை உடைக்கிறார். பலவீனமான ஒருவருக்கு இந்த மூன்றும் இருந்தால் அவர் சந்தையிலும் நடக்கலாம், போனையும் வைத்துக்கொள்ளலாம்.

"தடை போடுவது நல்லதுதானே, ஹஜ்ரத்?"

ஜும்ஆ முடிந்ததும் ஒரு சகோதரர் கேட்டார். "அத்தாவுக்கு மறதி அதிகமாயிடுச்சு. போனை வாங்கி வைக்கறதைத் தவிர வேற என்ன செய்ய, ஹஜ்ரத்?" நியாயமான கேள்வி. இமாம்களே இதில் ஆழமாகக் கருத்து வேறுபட்டிருக்கிறார்கள்.

பொருளை வீணாக்கும் வயது வந்த, புத்தியுள்ள ஒரு மனிதர் மீது தடை போடக் கூடாது என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. 'ஹிதாயா' ஓதியவர்களுக்கு இதற்கான காரணம் தெரியும். ஒருவருடைய சொல்லுக்கு மதிப்பில்லை என்று ஆக்குவது அவருடைய மனித அந்தஸ்தையே பறிப்பது, பணம் வீணாவதைவிட அது பெரிய தீங்கு. அவர்களின் மாணவர்களான இமாம் அபூயூசுஃப் (ரஹ்), இமாம் முஹம்மது (ரஹ்) இருவரும், இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களும் தடை போடலாம் என்றார்கள். குடும்பத்தின் பொருளையும் அவருடைய எதிர்காலத்தையும் காக்க வேண்டுமே என்பது அவர்களின் கவலை. ஆனால் இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள், அதற்கு காழியின் தீர்ப்பு வேண்டும் என்றார்கள். மகன் வாசலில் நின்று சத்தம் போட்டால் அது தீர்ப்பாகாது.

ஆக, தடை என்பது கடைசிப் படி. பிள்ளைகளையே அடையாளம் தெரியாத அளவுக்கு மறதி முற்றிவிட்டவருக்கு அந்தப் படி தேவைப்படலாம். அப்போதும் அவருக்கு உரிய வேறு வழிகளை நாம் தர வேண்டும். மகளின் முகத்தைப் பார்க்கும் நேரத்தில் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்கலாமே. மற்றவர்களுக்கு அதற்கு முன் எத்தனையோ படிகள் இருக்கின்றன. பெரிய தொகையை ஜிபே, போன்பே எதிலும் இணைக்காத ஒரு கணக்கில் வைக்கலாம். அன்றாடச் செலவுக்கு இன்னொரு கணக்கில் ஆயிரமோ இரண்டாயிரமோ வைத்து அதை மட்டும் போனில் இணைக்கலாம். ஒருநாளில் அனுப்பும் தொகைக்கு வரம்பு வைக்கலாம். ஆதார் கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது, தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம்.

அநாதைகளின் பொருளைப் பற்றி சூரத்துன் னிஸாவின் ஆறாவது வசனத்தில் அல்லாஹ் சொல்வதைக் கவனியுங்கள். அவர்களைச் சோதித்துப் பாருங்கள், விவேகம் தெரிந்தால் பொருளை ஒப்படையுங்கள், ஒப்படைக்கும்போது சாட்சி வையுங்கள் என்பது அதன் கருத்து. சோதிப்பது என்றால் சிறு தொகையைக் கொடுத்து வாங்கி விற்கப் பழக்குவது என்று ஃபுகஹாக்கள் விளக்கினார்கள். நம் பெரியவர்களுக்கும் அதே வழிதான். பக்கத்தில் உட்கார்ந்து பத்து ரூபாய் அனுப்பச் சொல்லுங்கள். தவறினால் பத்து ரூபாய்தான் போகும். பணம் வாங்க ஒருபோதும் பின் நம்பர் தேவையில்லை, பின் நம்பர் போட்டால் நம் பணம் வெளியே போகிறது என்று அர்த்தம். இந்த ஒன்றை அவர்கள் கையாலேயே பத்து முறை செய்து பார்த்தால் அது மனதில் நிற்கும். நாம் பிடுங்கிச் செய்து கொடுத்தால் நிற்காது.

உதவுபவரின் கை

போனில் உதவி செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மகனுக்கும் மருமகளுக்கும், கடையில் ரீசார்ஜ் செய்யும் தம்பிக்கும் சேர்த்துத்தான்.

குர்ஆனில் மிக நீளமான வசனம் சூரத்துல் பகராவின் 282-ஆவது வசனம். தொழுகையையோ நோன்பையோ பற்றியதல்ல அது, கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. கடன் வாங்கியவர் சொல்லச் சொல்ல எழுதப்பட வேண்டும் என்று அல்லாஹ் கட்டளையிடுகிறான். அவர் அறிவு குறைந்தவராகவோ, பலவீனராகவோ, வாய்விட்டுச் சொல்ல இயலாதவராகவோ இருந்தால், அவருடைய பொறுப்பாளர் நீதியோடு சொல்லட்டும் என்கிறான். பலவீனரின் பெயரை அல்லாஹ் பத்திரத்திலிருந்து நீக்கவில்லை. கணக்கு அவருடையதாகவே இருக்கிறது, பொறுப்பாளர் அவருக்கு நாக்கு மட்டுமே. அந்த நாக்குக்கும் நீதி என்ற நிபந்தனை போட்டிருக்கிறான்.

முதியோர் உதவித்தொகை வாங்கக் கைரேகை வைக்கும் பாட்டியை நினைத்துப் பாருங்கள். "மிஷின் எடுக்கலைம்மா, இன்னொரு தடவை விரலை வை" என்று சொல்லி இரண்டு முறை பணம் எடுப்பவன் இருக்கிறான். இரண்டாயிரம் எடுத்துவிட்டு ஆயிரம் என்று கையில் கொடுப்பவன் இருக்கிறான். அம்மாவின் ஏடிஎம் கார்டைத் தன் பர்ஸிலேயே வைத்துக்கொண்டு, கேட்காமல் எடுத்து, மாதக் கடைசியில் கணக்குச் சொல்லாத மகனும் இருக்கிறான். இவர்களில் யாருக்கும் வெளிநாட்டிலிருந்து போன் செய்ய வேண்டிய அவசியமில்லை. திருடன் உள்ளேயே இருக்கிறான். பெற்ற மகன் எடுத்தால் திருட்டா என்று கேட்காதீர்கள். அமானிதத்தில் மோசடி செய்வதை நயவஞ்சகத்தின் அடையாளங்களில் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் எண்ணியிருக்கிறார்கள்.

உதவுவதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. அவர்கள் பின் நம்பர் போடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். எவ்வளவு எடுத்தோம், எவ்வளவு மீதி என்று ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். ரசீதைக் கையில் கொடுங்கள், அவர்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் கொடுங்கள்.

இளைஞர்களே, உங்களிடம் ஒரு விஷயம். உன் வங்கிக் கணக்கை ஒரு மாதம் வாடகைக்குக் கொடு, ஐயாயிரம் தருகிறேன் என்று ஒருவன் சொன்னால் சந்தோஷப்படாதீர்கள். எங்கேயோ ஒரு தாயை ஏமாற்றி எடுத்த பணம் அந்தக் கணக்கு வழியாகத்தான் ஓடும். போலீஸ் முதலில் வருவது உங்கள் வீட்டுக்கு. நாளை மறுமையில் அந்தத் தாய் கேட்கப்போவதும் உங்களைத்தான். எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது. தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்குத்தானே அந்த ஐயாயிரம்?

ஏமாந்தவரைப் பழிக்காதீர்கள்

முஃமின் ஒரே பொந்தில் இருமுறை கொட்டப்பட மாட்டான் என்ற கருத்தில் ஒரு ஹதீஸ் இருக்கிறது. ஏமாந்தவரின் முகத்தில் இதை எறிபவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் எறிந்திருக்கிறேன். சற்று நிதானமாகப் பாருங்கள். முதல் முறை கொட்டுப்படுவது முஃமினுக்கும் நடக்கும் என்றுதானே அந்த ஹதீஸ் ஒப்புக்கொள்கிறது? இரண்டாம் முறை கொட்டுப்படாமல் இருக்க வேண்டுமானால், முதல் கொட்டைப் பற்றி அவர் யாரிடமாவது பேச முடிய வேண்டும். நாம் திட்டினால் அவர் அந்தப் பொந்தையே மறைத்துவிடுவார். அடுத்தவரும் அதிலேயே கை வைப்பார்.

பழி ஏமாற்றியவனுடையது. மோசடி செய்தவன் நம்மைச் சேர்ந்தவனல்ல என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னது தானியக் குவியலின் உள்ளே ஈரத்தை மறைத்து வைத்த வியாபாரியைப் பார்த்து. அதை வாங்க வந்தவரைப் பார்த்து அல்ல.

நேரத்தின் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். பணம் போனது தெரிந்தவுடன் 1930-க்குக் கூப்பிட வேண்டும், வங்கிக்கும் சொல்ல வேண்டும். பணம் கணக்குவிட்டுக் கணக்கு தாவுவதற்கு முன் அதை முடக்க முயல்வார்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. வங்கியின் தவறும் இல்லாமல், வாடிக்கையாளரின் தவறும் இல்லாமல் வெளியார் செய்த மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை என்று அதில் வைத்தார்கள். அவரே ரகசிய எண்ணைச் சொல்லியிருந்தால், தெரிவிக்கும் வரை ஆன நஷ்டம் அவருடையது, தெரிவித்த பிறகு ஆகும் நஷ்டம் வங்கியுடையது. மூன்று நாள் என்று படித்தபோது எனக்கு ஹப்பான் (ரலி) அவர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். இரண்டும் ஒரே சட்டமில்லை. ஆனாலும் ஏமாந்தவருக்கு நாட்கள் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் ஒன்றுதான். நாட்களைச் சட்டம் கொடுக்கிறது. அந்த நாட்களுக்குள் வாய் திறக்கும் தைரியத்தை வீடுதான் கொடுக்க வேண்டும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

இன்ஷா அல்லாஹ், வரும் ஞாயிறு முதல் அஸருக்குப் பிறகு பள்ளியின் தாழ்வாரத்தில் இரண்டு இளைஞர்கள் உட்காருவார்கள். பெண்களுக்கு மதரஸா அறையில் இரண்டு சகோதரிகள் இருப்பார்கள். போனில் எந்தச் சந்தேகம் இருந்தாலும் கேட்கலாம். நிபந்தனைகள் மூன்று. உதவுபவர் பின் நம்பரையோ ஓடிபியையோ கேட்கவும் கூடாது, பார்க்கவும் கூடாது. எப்போதும் இருவராகவே இருக்க வேண்டும், தனியாக யாரும் யாருடைய போனையும் தொடக் கூடாது. வந்தவர் சொன்னதைக் கேட்டு யாரும் சிரிக்கக் கூடாது.

தொழுகைக்கு வராதவர்களும் வரலாம். கிரிவலப் பாதையில் பூ விற்கும் அம்மா, டீக்கடை வைத்திருக்கும் பெரியவர் எல்லோரும் நம் அண்டை வீட்டார். பௌர்ணமி இரவின் நெரிசலில் பணம் அனுப்பிவிட்டதாகப் பழைய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிவிட்டு நகர்பவர்களால் அவர்கள் நஷ்டப்படுகிறார்கள். ஸ்பீக்கர் சொன்னால்தான் பணம் வந்தது, திரையில் காட்டினால் வந்ததாக ஆகாது என்று அவர்களுக்கு யாராவது பொறுமையாகச் சொல்ல வேண்டும். அண்டை வீட்டாரின் உரிமையில் மதம் கேட்கப்படுவதில்லை.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது இது. இன்று இரவு உணவுக்குப் பிறகு அம்மா, அத்தாவின் பக்கத்தில் உட்காருங்கள். பணமோ நம்பரோ கேட்டு யார் போன் செய்தாலும் சொல்ல ஒரு வாசகத்தை அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். நம் குரலைப் போலவே கம்ப்யூட்டரில் குரல் உண்டாக்கிப் பேசும் காலம் இது. மகன் பேசுவது போல் அழுதுகொண்டே யாராவது பணம் கேட்டால், குடும்பத்துக்கு மட்டும் தெரிந்த ஒரு கேள்வியைக் கேட்கப் பழக்குங்கள். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று வரும் ஏபிகே ஃபைலைத் திறக்க வேண்டாம் என்று காட்டிக் கொடுங்கள். எந்தப் போலீஸும் வீடியோவில் கைது செய்யாது என்று சொல்லுங்கள். கடைசியாக இதைச் சொல்லுங்கள்: "எவ்வளவு பணம் போனாலும் என்கிட்ட முதல்ல சொல்லுங்க. நான் சத்தம் போட மாட்டேன்." சொல்லிவிட்டால் அது வாக்குறுதி. காப்பாற்ற வேண்டும்.

நான் ஊருக்குப் போய் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். போனைத் திருப்பிக் கொடுத்தேன். இந்த ஹதீஸையும் சொன்னேன். உங்களுக்கு ஒரு 'லா கிலாபா' வேண்டும், என்ன வைத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சு கூப்பிடுங்கன்னு சொல்லிடறேன்" என்றார்கள். நான் சிரித்துவிட்டேன். பிறகுதான் புரிந்தது, அந்த ஒரு வாசகத்தில் சொல்லும் இருக்கிறது, அவகாசமும் இருக்கிறது. ஜும்ஆ முடிந்தால் நான் போன் செய்வேன் என்பதால் சாட்சியும் இருக்கிறது.

சென்ற மாதம் ஒருவன் கூப்பிட்டானாம். சிம் கார்டு இரண்டு மணி நேரத்தில் நின்றுவிடும் என்றானாம். அம்மா தன் வாசகத்தைச் சொன்னார்கள். அவன் அதட்டினான். அம்மா மறுபடியும் அதையே சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்கள். அன்று செவ்வாய்க்கிழமை. ஜும்ஆ வரை காத்திருக்காமல் அன்றைக்கே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். பதினோரு நாள் மறைத்த அம்மா, பத்து நிமிடத்தில் என்னிடம் சொன்னார்கள். போன 18,400 ரூபாய் திரும்பவில்லை. இது திரும்பியது. அல்ஹம்து லில்லாஹ்.

யா அல்லாஹ்! எங்கள் பெற்றோரின் பொருளையும் கண்ணியத்தையும் பாதுகாப்பாயாக. எங்களுடைய கோபத்திலிருந்து அவர்களைப் பாதுகாப்பாயாக. பலவீனர்களுக்காகப் பேசும்போது எங்கள் நாவில் நீதியைத் தருவாயாக. அவர்களின் அமானிதத்தைத் தொடும் எங்கள் கைகளைத் தூய்மையாக்குவாயாக. ஏமாற்றப்பட்டவர்களுக்கு இழந்ததைவிடச் சிறந்ததைத் தருவாயாக. ஏமாற்றிப் பிழைப்பவர்களுக்கு நேர்வழி காட்டுவாயாக. ஆமீன்.

வ ஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.